ஆவிப் பலகாரம்

எங்க மாஸ்டருக்கு வயசு முப்பத்திரண்டு. அவங்ககிட்டத் தொழில் கத்துக்க வந்த சீடருக்கு ஐம்பத்தாறு. இதைச் சொன்னா நிறைய பேரு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும், எனக்கென்ன.

மாஸ்டர் பேரு ஜெசிந்தா. கோயமுத்தூர்ல ஒரு வீட்டு மாடியில அடுப்பு போட்டு கேக், பிஸ்கட், கொழுக்கட்டை, லட்டுன்னு எல்லாம் ஆர்டருக்குச் செய்யறாங்க. சீடர் திருமூர்த்தி அண்ணன், பம்ப்செட் கம்பெனியில முப்பது வருஷம் டிராயிங் போட்டவரு. ரிட்டயர் ஆனதும் வீட்டுல சும்மா உக்கார முடியாம இங்க வந்து சேர்ந்தாரு. நான் மயிலாத்தா, பெட்டி கட்டறவ.

அக்டோபர் மாசம் வந்தா போதும், அபார்ட்மெண்ட்காரங்களுக்கு ஹாலோவீன் கிறுக்குப் பிடிச்சுக்கும். வெளிநாட்டுக்காரங்களோட பேய்த் திருநாளாம் அது. பிள்ளைங்க பேய் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போயி மிட்டாய் கேக்கும். அதுக்குத்தான் எங்களுக்கு ஆர்டர். வெரல் மாதிரி பிஸ்கட், நகத்துக்கு ஒரு பாதாம் பருப்பு. கண்ணு முழி மாதிரி ரசகுல்லா. கல்லறைக் கல்லு மாதிரி சாக்லேட் பிஸ்கட். கருமம், இதையெல்லாம் வாயில வெப்பாங்களான்னு நான் கேட்டா மாஸ்டர் சிரிப்பாங்க.

திருமூர்த்தி அண்ணனுக்குக் கல்லறைதான் இஷ்டம். வெள்ளை ஐசிங்கைக் கூம்புல அடைச்சு அதுமேல அவரு எழுதற எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பிள்ளைங்க அவங்கவங்க பேரைப் பாத்துட்டுக் குதிக்கும்.

ஒருநாள் அவரு கேட்டாரு.

"மாஸ்டர், நான் எப்பத் தனியா ஆர்டர் எடுக்கறது?"

"என்ன அவசரம்ணா?"

"எனக்கு வயசு ஏறிக்கிட்டே போகுதுங்களே."

மாஸ்டர் மாவுக் கையைத் துடைச்சாங்க. போனை எடுத்து அவரு பக்கம் நகர்த்தி வெச்சாங்க.

"அடுத்து வர்ற ஆர்டர் உங்களோடது. கேக்கறதுல இருந்து கட்டிக் குடுக்கற வரைக்கும்."

அன்னைக்குச் சாயங்காலமே போன் அடிச்சுது. நான் பெட்டி மடிச்சுக்கிட்டிருந்தேன். அவரு பேசினது மட்டும் என் காதுல விழுந்துச்சு.

"ஆவிப் பலகாரமா? தாராளமா செய்யறோம்ங்க. எத்தனை? அறுபது. முப்பத்தொண்ணாந் தேதி காலையில. எண்ணெய் ஆகாதா, சரிங்க, எண்ணெயே தொடாம செஞ்சரலாம். யாருக்குங்க? ஓ, பாப்பாவுக்கா! பாப்பா பேரு என்னங்க? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. எழுத்து மாறிடக் கூடாதில்ல? த... ஹலோ? ஹலோ! ம், சொல்லுங்க."

போனை வெச்சுட்டு மூஞ்சியெல்லாம் பல்லா நின்னாரு.

"தன்விகா. பேரே எவ்வளவு அழகா இருக்கு! அறுபதுலயும் பேரு எழுதிக் குடுக்கறேன் மாஸ்டர்."

ரெண்டு நாள் உக்காந்து செஞ்சாரு. அறுபது கல்லறை. அறுபதுலயும் தன்விகா. 'வி'யோட வளைவு ஒண்ணுகூடக் கோணல. மாஸ்டர் வந்து குனிஞ்சு பாத்தாங்க.

"நல்லா இருக்குண்ணா."

அந்த மனுசன் குழந்தை மாதிரி பூரிச்சுப் போனாரு. நான் வெள்ளை ரிப்பன் போட்டுக் கட்டினேன். முப்பத்தொண்ணாந் தேதி காலையில எட்டரைக்கு டெலிவரிக்காரர் வந்து வாங்கிக்கிட்டுப் போனாரு.

ஒன்பது மணிக்கு போன். அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டாரு, பாராட்டை நாங்களும் கேக்கட்டும்னு.

"ஏனுங்க." ஒரு ஆம்பளைக் குரல். மெதுவாத்தான் பேசுச்சு. "எங்க பாப்பா பேருல கல்லறை செஞ்சு அனுப்பியிருக்கீங்க."

"ஆமாங்க, பாப்பாவுக்குப் பிடிச்சுதுங்களா?"

"பாப்பா செத்து ஒன்றரை மாசம் ஆச்சுங்க. காய்ச்சல். இன்னைக்கு அவளுக்குப் பொறந்தநாள், மத்தியானம் படையல். ஆவியில வேக வெச்ச கொழுக்கட்டைதானுங்க நான் கேட்டேன்."

அட சாமி! என் கையில இருந்த கத்தரிக்கோல் கீழ விழுந்துச்சு. யாரும் குனிஞ்சு எடுக்கல.

பேயும் ஆவிதான், இட்லிச் சட்டியில வர்றதும் ஆவிதான். ஒரு மாசமாப் பேயா செஞ்சு தள்ளின எங்களுக்கு இன்னொரு ஆவி மறந்தே போச்சு. துக்கம் நடந்த வீட்டுல எண்ணெய்ச் சட்டி வெக்க மாட்டாங்க. எண்ணெய் ஆகாதுன்னு அவரு சொன்னப்பவே எனக்காவது உறைச்சிருக்கணும். எங்க வீட்டுலயே ரெண்டு சாவு பாத்தவ நான். நானும் காதைக் குடுத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன், பாவி.

திருமூர்த்தி அண்ணன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

மாஸ்டர் போனைக் கையில எடுத்தாங்க.

"படையல் எத்தனை மணிக்குங்க?"

"பன்னெண்டு."

"கொழுக்கட்டையோட வர்றோம்."

"ஒண்ணும் வேண்டாம். இதை வந்து எடுத்துட்டுப் போங்க. எங்களால தொட முடியல."

போனை வெச்சுட்டாரு.

"போயி கால்ல விழலாம் மாஸ்டர்," அண்ணன் சொன்னாரு. "இப்பவே போலாம். இனிமே நான் இந்த வேலையே செய்ய மாட்டேன். என் கையை வெட்டிப் போட்டாத்தான் ஆறும்."

"கை இருக்கட்டும். தேங்காய் துருவுங்க."

மத்த ஆர்டரை எல்லாம் மாஸ்டர் அப்படியே நிறுத்தினாங்க. அரிசி மாவு, வெல்லம், ஏலக்காய் எடுத்தாங்க. அண்ணனுக்குக் கொழுக்கட்டைச் சொப்பு மடிக்கவே வரல. மடிச்சது பிளந்துக்குது. மாஸ்டர் பிளந்ததை ஒட்டி ஒட்டி வெச்சாங்க. அண்ணன் கண்ணுத் தண்ணி தாடையில வடியுது. மாவுல விழாம தோள்பட்டையில துடைச்சுக்கிட்டே மடிச்சாரு.

பதினொண்ணே காலுக்கு மாஸ்டரோட ஓம்னி வண்டியில கிளம்பினோம்.

சின்ன வீடு. வாசல்ல நாலஞ்சு ஜோடி செருப்பு. உள்ள பாப்பா போட்டோவுக்கு மாலை போட்டிருந்துச்சு. ரெட்டை ஜடை, முன்னாடி ஒரு பல்லு இல்ல. அதுக்கு முன்னாடி எங்க பெட்டி திறந்தபடி கிடக்குது. பெட்டிக்குப் பக்கத்துல பாப்பாவோட அம்மா.

அப்பாக்காரர் எழுந்து வந்தாரு.

"போன்ல பேசினது யாரு?"

திருமூர்த்தி அண்ணன் முன்னாடி வந்தாரு. அதுக்குள்ள மாஸ்டர் சொன்னாங்க.

"கடை என்னுதுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான்."

அவரு மாஸ்டரைப் பாக்கல, அண்ணனைத்தான் பாத்தாரு.

"நீங்கதானுங்களா? குரலு தெரியுது. எழுத்து மாறிடக் கூடாதுன்னு கேட்டீங்க. படையலுக்குப் பேரைச் சொல்லிச் செய்யத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனான்னு இவகிட்டச் சொல்லி அழுதேனுங்க."

அண்ணன் அப்படியே நெடுஞ்சாண் கிடையா விழுந்தாரு. அவரைத் தூக்கி விட யாரும் வரல. ரொம்ப நேரம் கழிச்சு அவராவே எந்திரிச்சாரு. பெட்டியை எடுக்கக் கை நீட்டினாரு.

அம்மாக்காரி பெட்டி மேல கையை வெச்சுட்டா.

"எங்க கொண்டு போறீங்க?"

"இல்லம்மா... கண்ணுல படாத எடத்துக்கு..."

"குப்பையிலயா?"

அண்ணன் நீட்டின கையை இழுத்துக்கிட்டாரு.

"அவ பேரு இருக்கு," அந்தப் பொண்ணு சொன்னா. "அறுபதுலயும் இருக்கு. நான் எண்ணிப் பாத்தேன். எங்கம்மா வெளிய வீசச் சொன்னாங்க. எப்படி வீசறது? உங்களால முடியுமா?"

எனக்கு அங்கிருந்து ஓடிரலாமான்னு இருந்துச்சு.

மாஸ்டர் அந்தப் பொண்ணுக்கு எதிர்ல தரையில உக்காந்தாங்க. பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்தாங்க. எழுத்தைப் பாத்து, "தன்விகா"ன்னு வாய்விட்டுப் படிச்சாங்க. அப்புறம் கடிச்சாங்க.

யாரோ ஒரு கிழவி "அடியே!"ன்னு கத்தினா. அப்பாக்காரர் ரெண்டு எட்டு வந்து நின்னுட்டாரு.

மாஸ்டர் நிதானமா மென்னு முழுங்கினாங்க. இன்னொண்ணு எடுத்து அண்ணன்கிட்ட நீட்டினாங்க. அவரு பேரைப் படிச்சாரு. பாதியிலயே குரல் உடைஞ்சு போச்சு. வாயில போட்டுக்கிட்டு மெல்ல முடியாம நின்னாரு.

"வீச மாட்டோம்மா," மாஸ்டர் சொன்னாங்க. "இதைச் செஞ்சவங்க நாங்க மூணு பேரு. அறுபதையும் நாங்களே தின்போம். ஒவ்வொண்ணுக்கும் பேரைச் சொல்லித்தான் தின்போம்."

அந்தப் பொண்ணு கண்ணு இமைக்காமப் பாத்தா.

"நல்லா இருக்கா?"

நான் செத்தேன்னு நெனச்சேன். இதுக்கு என்னத்தைச் சொல்றது?

"நல்லா இருக்கும்மா," மாஸ்டர் சொன்னாங்க.

"பிஸ்கட்டுன்னா அவளுக்கு உசிரு." அந்தப் பொண்ணு கையை எடுத்துட்டா. "எடுத்துட்டுப் போங்க. கொழுக்கட்டையை வெச்சுட்டுப் போங்க."

திரும்பி வரும்போது மாஸ்டர் வண்டி ஓட்டினாங்க. அண்ணன் முன்னாடி, நான் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டுப் பின்னாடி.

காந்திபுரம் தாண்டினதும் அண்ணன்தான் முதல்ல பேசினாரு.

"மாஸ்டர், தேதி கேட்டேன். எத்தனைன்னு கேட்டேன். யாருக்குன்னு கேட்டேன். பேரு, எழுத்துகூட விடாமக் கேட்டேனே. இன்னும் எதைக் கேக்காம விட்டேன்?"

"அவரு பேரை எப்படிச் சொன்னாரு?"

"எப்படின்னா... முதல்ல 'த'ன்னாரு. அப்புறம் சத்தமே இல்ல. லைன் போயிருச்சோன்னு ஹலோ, ஹலோன்னு கத்தினேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மிச்ச எழுத்தைச் சொன்னாரு."

சிக்னல் சிவப்பாச்சு. மாஸ்டர் வண்டியை நிறுத்தினாங்க.

"அந்த ரொம்ப நேரம் இருக்கில்லண்ணா," மாஸ்டர் சொன்னாங்க, "அதுதான் ஆர்டர்."