நீல எழுத்தில் ஓர் எண்

அந்த அலுவலகத்தில் குருவுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. சீடருக்குப் பேரன் பிறந்துவிட்டான். குருவின் பெயர் தமயந்தி. சீடர் வேதமுத்து, சுவரொட்டி அச்சகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வலைப்பக்க வேலைக்கு வந்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அங்கே வலைப்பக்கம் செய்து கொடுப்பார்கள். வீட்டார் அதை வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து எழுதுவானேன் என்று வேதமுத்து எடிட்டரில் டெம்ப்ளேட்டுகள் செய்து வைத்திருந்தார். ‘அஞ்சலி’ என்று அடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், கறுப்புக் கரை போட்ட முழுப் பக்கமும் வந்து விழும். பெயர், படம், தேதி, கீழே நீல எழுத்தில் தொடர்பு எண், இவற்றை நிரப்பினால் போதும். மனிதர் அதில் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தார்.

ஒரு காலையில் அந்த மிதப்போடு கேட்டார்.

“மேடம், ஒரு டெம்ப்ளேட்டுல குறையே இல்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

தமயந்தி, முந்தின நாள் அவர் செய்த அஞ்சலிப் பக்கத்தைத் தன் செல்போனில் திறந்து நீட்டினாள்.

“கீழ இருக்கிற நம்பரைத் தொடுங்க.”

“நம்பர் சரிதான் மேடம். நல்லா பார்த்தேன்.”

“பார்த்தீங்க. இப்ப தொடுங்க.”

தொட்டார். பச்சைப் பொத்தானையும் அமுக்கினார். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

“சொல்லுங்க. எந்த வீட்டுத் துக்கம்?”

வேதமுத்து செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“நீங்க யாரும்மா?”

“நான் மரகதம். நீங்க தேடுற வீடு இது இல்லங்க. அங்க எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்து நீங்களே அடிச்சுக் கூப்பிடுங்க, கிடைக்கும். எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன்.”

“எல்லாருக்குமா?”

“என் பையன் சேந்தன் போனதுல இருந்து இந்த போன் ஓயல. எடுத்த உடனே அழுறாங்க. எப்பம்மா எடுக்குறீங்கன்னு கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் என் பிள்ளையை வாசல்ல கிடத்தியிருக்கிற மாதிரியே இருக்கு.”

சேந்தன். அங்கே வேதமுத்து செய்த முதல் அஞ்சலிப் பக்கம் அந்தப் பையனுடையது. அதைத்தான் அவர் டெம்ப்ளேட்டாகச் சேமித்தார். தொடர்பு எண் பக்கத்தில் இரண்டு இடத்தில் உண்டு. கண்ணுக்குத் தெரிய ஒன்று, தொட்டால் அழைப்பு போக உள்ளே ஒன்று. தெரிவதை மட்டும் அவர் காலியாக்கியிருந்தார். உள்ளே மரகதத்தின் எண் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கைபட்ட சாவெல்லாம் அந்த அம்மாள் வீட்டில் போய் விழுந்திருக்கிறது.



“அம்மா, தப்பு என்னோடது. அந்தப் பக்கத்தைச் செஞ்சவன் நான்தான்.”



“நம்பரை மாத்திடுன்னு எல்லாரும் சொன்னாங்க. இது சேந்தன் எனக்கு வாங்கிக் குடுத்த நம்பர்” என்றாள் மரகதம். “நிறுத்திடுங்க ஐயா.” வைத்துவிட்டாள்.

வேதமுத்து டெம்ப்ளேட்டைத் திறந்தார். உள்ளே இருந்த எண்ணை அழித்துச் சேமித்தார். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

“சரி பண்ணிட்டேன் மேடம்.”

தமயந்தி அதே செல்போனில் அதே பக்கத்தைப் புதிதாகத் திறந்து நீட்டினாள்.

“தொடுங்க.”

அவர் விரல் எண்ணுக்கு மேலே போய் நின்றது. தொடத் துணிவில்லை. கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்தார். மரகதத்தின் எண் அங்கேயே இருந்தது.

“அழிச்சேனே மேடம்.”

“டெம்ப்ளேட்டுல அழிச்சீங்க. அதுல இருந்து ஏற்கெனவே போன பக்கத்துக்கு அது எப்படித் தெரியும்?”

அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகம், வேறு வேறு ஊர். உள்ளே மட்டும் ஒரே எண். மதியச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. தமயந்தியும் டிபன் பாக்ஸைத் திறக்காமல், கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கித் திருத்திக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. வேதமுத்து டெம்ப்ளேட்டுக்குத் திரும்பினார். உள்ளே எண் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

“மேடம், இதைக் காலியா விட்டா, நிரப்ப மறந்தாக்கூட எனக்குத் தெரியாது. கூப்பிடுறவங்களுக்கு போன் எங்கேயும் போகாது. ஒன்பது ஒன்பதா ஏதாவது அடிச்சு வைக்கட்டுமா?”

“அதுவும் யாரோ ஒருத்தர் நம்பரா இருக்கும்.”

“அப்ப அங்க என்னதான் போடுறது?”

தமயந்தி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“உங்க நம்பரைப் போடுங்க, அண்ணே.”