நாலாவது தோசை

மங்கையர்க்கரசிக்கு ஒரே ஒரு சிஷ்யைதான். அவளும் குருவைவிடப் பதினோரு வயது மூத்தவள்.

குரு எழுதுவது மாத நாவல். நூறுக்கு மேல் எழுதியாகிவிட்டது. கதையில் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். மூக்குத்தியோ, பழைய கடிதமோ, பூஜையறை மணியோ. அதைத் தேடுகிற இரண்டு பேருக்குள் மெல்லப் பிரியம் முளைக்கும். ரத்தம் ஒரு சொட்டு வராது. கடைசிப் பக்கத்தில் தொலைந்ததும் கிடைக்கும், கல்யாணத்துக்கு நாளும் குறிப்பார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டு ஏறினால் மதுரை வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். மீதியைப் படிப்பதற்காக இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

சிஷ்யையின் பெயர் வடிவாம்பாள். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பிள்ளைகள் இரண்டும் தலையெடுத்து வெளியூர் போன பிறகு, அந்த நாவல்களைப் படித்துப் படித்தே அவளுக்கு எழுதுகிற ஆசை வந்தது. ஒருநாள் வாழைப்பூ வடையோடு வந்து குருவின் கதவைத் தட்டினாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாதே அக்கா."

"பரவாயில்ல. நான் பாட்டுக்கு இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு விடை கிடைக்காத விஷயம் ஒன்று இருந்தது. குருவின் முதல் நாவல் குருவின் பெயரில் வரவில்லை. கையால் எழுதிய ஒரே பிரதியை நம்பி ஒருவரிடம் கொடுத்தாள். அவர் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி, ஏதோ ஒரு புனைபெயரில், தன் கதையாகவே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் மங்கையர்க்கரசி பேனாவைத் தொடவில்லை. இதெல்லாம் குருவே சொன்னதுதான். ஆள் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"யாரு டீச்சர் அது?"

"நீங்களும் துப்பறியிற கதைதானே எழுதறீங்க? கண்டுபிடிங்க."

அன்றைக்குப் பிடித்த குடைச்சல். அந்த வீட்டுப் படியேறி வருகிற ஒவ்வொரு ஆண்பிள்ளையையும் வடிவாம்பாள் ஒருமாதிரிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருமுறை தங்க பிரேம் கண்ணாடி போட்டவர் ஒருவர் வந்தார். அவள் தண்ணீர்கூடக் கொண்டுபோய் வைக்கவில்லை. அவர் போனதும் குருவின் காதில் கிசுகிசுத்தாள்.

"இந்த ஆள்தானே? முழியே சரியில்ல."

"அவர் எங்க சித்தப்பா."

அதோடு கொஞ்ச நாள் அடங்கியிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்கே வடிவாம்பாள் வந்துவிட்டாள். கையில் அவள் எழுதிய நாவல், அறுபது பக்கம். மேல் பக்கத்தில் குங்குமம். அதோடு பத்திரிகை ஆசிரியரின் கடிதம்.

"இத்தோட ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க டீச்சர். பன்னெண்டாம் பக்கத்துலயே திருடன் யாருன்னு தெரிஞ்சுபோயிடுதாம். நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுக்கணுமாம். இல்லேன்னா ஆவணிக்கு வேற கதை போட்டுக்கறாங்களாம்."

குரு கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தாள்.

"மூணாவது தடவையும் வந்துச்சுன்னா நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டுடறதுன்னு அபிராமி அம்மன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

"அம்மன் என்ன சொன்னா?"

"பூ விழுந்துச்சு. கதை நல்லா வரும்கிறதுக்கா, எடைக்குப் போடுங்கிறதுக்கான்னுதான் தெரியல."

கதை இதுதான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண் வீட்டில் கூறைப்புடவை காணாமல் போகிறது. பெண்ணின் தோழியும் புடவைக் கடையிலிருந்து வந்த பையனும் சேர்ந்து தேடுகிறார்கள். தேடுகிறபோது ஒருவரை ஒருவர் விரும்ப ஆரம்பிக்கிறார்கள். புடவையை எடுத்தவன் கல்யாணத் தரகன் ஏகாம்பரம்.

வடிவாம்பாள் என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டாள். புடவை தொலைந்த அன்றைக்குத் தரகனை வெளியூருக்கு அனுப்பினாள். அவனுக்கு இருந்த திருட்டுமுழியை எடுத்துவிட்டாள். சந்தேகம் சமையல்காரர் மேல் போகட்டும் என்று அவருக்குப் பெரிய மீசை வைத்தாள். மகளுக்குப் போனில் படித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டுக் கோமதிக்கும் கொடுத்தாள். இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள், அந்தத் தரகன்தானே?

"எங்கே காட்டிக் குடுக்கறேன்னே தெரியல. திருடனை எப்படி டீச்சர் ஒளிக்கிறது?"

குரு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

படித்துக்கொண்டே வந்தவள் ஒரு சொல்லைச் சுற்றிச் சின்னதாக வட்டம் போட்டாள். அடுத்த பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. வடிவாம்பாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எதைச் சுற்றி என்று தெரியவில்லை.

"தப்பா டீச்சர்?"

"தப்பு ஒண்ணும் இல்ல."

மறுபடி ஒரு வட்டம்.

அறுபது பக்கமும் முடிகிற நேரத்துக்கு வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது.

"அம்மா இருக்கீங்களா?"

"வாங்க வைத்திலிங்கண்ணே."

வந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் துணிப்பை. உள்ளே வந்ததும் பையிலிருந்து நாலு கொய்யாப்பழத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்க வீட்டு மரம். அணில் விட்டுவச்சது இவ்வளவுதான்."

"அக்கா, இவர் வைத்திலிங்கண்ணன். முன்னே பிரஸ்ல புரூஃப் பாத்தவர். அண்ணே, இது வடிவக்கா. கதை எழுதறாங்க."

"அடடா! அப்ப பாத்துதான் பேசணும். கதையில போட்டுருவீங்க."

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குரு காப்பி போட எழுந்து போனாள். வடிவாம்பாளும் ஒத்தாசைக்குப் பின்னாலேயே போனாள்.

"சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும்மா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

குரு இரண்டு ஸ்பூன் போட்டாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதான் காப்பி" என்றார். மகளுக்கு வளைகாப்பு நடந்ததைச் சொன்னார். ஐந்து வகைச் சாதத்தில் புளிசாதம் மட்டும் காலியாகி, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டிப்போனதை அவர்களைப் போலவே உதட்டைப் பிதுக்கி நடித்துக் காட்டினார்.

"தோசை சாப்பிடுங்கண்ணே" என்று குரு எழுந்தாள். அதே நேரம் போன் அடித்தது. அச்சகத்திலிருந்து. வீட்டுக்குள் சரியாகக் கேட்காது என்று அவள் போனோடு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

வடிவாம்பாள் சட்னி அரைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை. நன்றாகச் சாப்பிடுகிறவரைக் கண்டால் அந்தக் கை நிற்காது. முதல் தோசை போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

"சட்னியில என்ன போட்டீங்க?"

"பூண்டு ரெண்டு பல்லு வதக்கிப் போட்டேன்."

"அதானே பாத்தேன்."

மூன்றாவதை வைக்கும்போது அவளே தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஆசிரியர் சொன்னது, தரகன், பன்னிரண்டாம் பக்கம் எல்லாவற்றையும்.

"திருடன் தெரிஞ்சிடறான். அதான் என் கஷ்டம்."

வைத்திலிங்கம் தோசையைப் பிய்த்தவர், வாயில் போடாமல் சட்னியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"தெரியாம இருக்கறதும் கஷ்டம்தாம்மா, அவனுக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்றாள் வடிவாம்பாள். நல்ல வசனம், கதையில் எங்கேயாவது சேர்க்கலாம் என்று மனதில் முடிந்துகொண்டாள். "கையைக் கழுவிடாதீங்க. இன்னும் ஒண்ணு. முறுகலா வார்க்கறேன்."

"போதும்மா."

"நாலாவது தோசைதான் தோசை. அப்பத்தான் கல்லு பதமா சூடாகியிருக்கும்."

நாலாவதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை.

குரு போன் பேசிவிட்டு வந்தாள். அவர் கிளம்பினார். மேஜையில் குருவின் போன மாதத்து நாவல் இரண்டு பிரதி கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு எடுத்துக்கலாமாம்மா?"

"எடுத்துக்கங்கண்ணே."

"எடுத்துக்கறேன்?"

"எடுத்துக்கங்க."

இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் கை நீட்டினார். புத்தகத்தைப் பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"எவ்வளவு தங்கமான மனுஷன்" என்றாள் வடிவாம்பாள். "பெண்டாட்டி இருக்காங்களா?"

"தவறிட்டாங்க. மாசம் ஒரு தடவை இப்படி வருவார்."

"அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க. கொழுக்கட்டை பண்ணிக் கொண்டாரேன்."

குரு அறுபது பக்கத்தையும் அடுக்கி அவளிடம் நீட்டினாள்.

"வட்டம் போட்டதை மட்டும் படிங்க அக்கா."

வடிவாம்பாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் பக்கம், காப்பி. மூன்றாம் பக்கம், மோர். நான்காம் பக்கம், அதிரசம், மறுபடி காப்பி. புடவைக் கடைப் பையனுக்கு அடை அவியல். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குச் சுக்குமல்லி. பெரிய மீசைச் சமையல்காரர் சமைக்க வந்த இடத்தில்கூட அவருக்கு யாரோ ஒரு டம்ளர் பானகம் கொடுத்திருந்தார்கள். தபால்காரருக்கு முறுக்கு. தெரு நாய்க்கு பிஸ்கெட்.

"எல்லாம் சாப்பாடா இருக்கு."

"ஆமா."

"கல்யாண வீடு இல்லையா டீச்சர்? வர்றவங்களுக்கு ஏதாவது குடுக்காம எப்படி?"

"தரகர் எத்தனை தடவை வர்றார்?"

வடிவாம்பாள் பக்கங்களைத் திருப்பினாள். ஐந்தாம் பக்கத்தில் வந்தான். ஒன்பதில் வந்தான். பன்னிரண்டாம் பக்கத்தில் மூன்றாம் தடவையாக வந்து, நிலைப்படியில் நின்றுகொண்டே பேசினான். உட்காருங்கள் என்று அவனை ஒருவரும் சொல்லவில்லை. அறுபது பக்கத்தில் ஏழு தடவை வந்து போயிருந்தான். அவன் வந்த இடத்தில் எங்கேயும் வட்டம் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"நான் வேணும்னு பண்ணலை டீச்சர்."

"தெரியும்."

"அவன் திருடனாச்சே. ஒரு பொண்ணோட கூறைப்புடவையைத் தூக்கிட்டுப் போனவன். எழுதறப்ப அவன் வந்தாலே என் கை அடுப்பங்கரைப் பக்கம் போகமாட்டேங்குது. வாங்கன்னு சொல்லவே வாய் வரல. அப்படிப்பட்டவனுக்குப் போயி மனசார எப்படி டீச்சர் சாப்பாடு போடறது?"

குரு வைத்திலிங்கம் சாப்பிட்ட தட்டை எடுத்தாள். சட்னிகூட வழித்துச் சுத்தமாக இருந்தது.

"என் முதல் கதையை எடுத்துக்கிட்டுப் போனவருக்கு இப்பத்தானே அக்கா நாலு தோசை வார்த்தீங்க."

சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

வடிவாம்பாள் வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மேஜையில் நாலு கொய்யாப்பழம் இருந்தது. ஒன்றில் அணில் கடித்த தடம்.

எழுந்து போய் என்னவோ கேட்கப் போனாள். ஏன் சேர்த்துக்கொண்டீர்கள் என்றா, எப்போது வந்து ஒப்புக்கொண்டார் என்றா, முதல் முறை அவருக்குக் காப்பியில் சர்க்கரை போட்டபோது உங்கள் கை எப்படி இருந்தது என்றா? கேட்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

குரு பாத்திரம் துலக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் எழுத்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிறகு வடிவாம்பாள் பன்னிரண்டாம் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டாள். பேனா மூடியைத் திறந்தாள். நிலைப்படியில் நின்ற ஏகாம்பரத்தை உள்ளே கூப்பிட்டு, பாய் விரித்து உட்காரவைத்தாள். அதோடு பேனா நின்றது.

"டீச்சர்."

"ம்."

"தரகருக்குக் காப்பி. அவருக்குச் சர்க்கரை எத்தனை போடட்டும்?"

குரு தலை நிமிரவில்லை.

"ஒண்ணு போதும்பார். நீங்க ரெண்டாப் போடுங்க."