செவ்வாய் கண்ணயர்ந்தபோது

கோள்களும் தண்ணீரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சூரியனின் தெருவில் மூன்று உடன்பிறப்புகள் குடியிருந்தார்கள். மூத்தவள் வெள்ளி, நடுவில் பூமி, கடைக்குட்டி செவ்வாய். மூவருக்கும் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு உண்டு. அது எரியும்வரைதான் தலைக்கு மேலே காற்று தங்கும். சூரியன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அடுப்பு அணைந்தது தெரிந்தால் அந்த வீட்டுக் காற்றை ஊதி வாரிக்கொண்டு போய்விடுவான்.

செவ்வாய் ஆள் சின்னவன். சின்னச் சட்டியில் சூடு நிற்காது அல்லவா? அக்காமார் இடையிடையே ஊதினால் போதும். இவன் ஊதாங்குழலை வாயிலிருந்து எடுக்கவே முடியாது. இது ஓரவஞ்சனை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

இத்தனை பாடும் ஓர் ஆற்றுக்காக. அவனுடைய செம்மண்ணில் வளைந்து வளைந்து ஓடிய ஆறு அது. மலையிலிருந்து இறங்கும்போது கண்டதையெல்லாம், எந்தப் பாறையை உருட்டினோம் என்பது வரைக்கும், அவனிடம் சொல்லிக்கொண்டே போகும். அவனுக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். காற்று போனால் ஆறும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

காலம் போகப்போக அவனுக்குக் கன்னம் வலித்தது, நெஞ்சு அடைத்தது. வெள்ளியிடம் யோசனை கேட்டான். தன்னைப்போல இழுத்துப் போர்த்திக்கொண்டால் ஊதாமலே சூடு நிற்கும், தூங்கலாம் என்றாள் அவள். முகமே தெரியாதபடி கனத்த மேகத்தைப் போர்த்தியிருந்தாள்; உள்ளே ஈயம் உருகும் சூடு. செவ்வாய்க்கு ஆசையாகத்தான் இருந்தது. பூமிதான் இடைமறித்து, அக்காவின் கடல் எங்கே என்று முதலில் கேட்கச் சொன்னாள். கேட்டான்.

வெள்ளி போர்வையின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "அது கொதிச்சு ஆவியாப் போச்சுடா. நானும் அலுப்புலதான் போர்த்தினேன். இப்ப எடுக்க வரல" என்றாள்.

போர்வை வேண்டாம் என்று செவ்வாய் திரும்பவும் ஊத உட்கார்ந்தான். பூமி தன் மூச்சிலும் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தாள், எட்டவில்லை. அவன் ஊதினான், ஊதினான். கங்கு சிவந்தது, மங்கியது. ஆறு அதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓடியது. அதற்கு மனசு தாளவில்லை.

"அண்ணே, நீ படுத்துக்க" என்றது. "நான் மண்ணுக்குள்ள போய் உறைஞ்சு கிடக்கேன். முழிச்சதும் கூப்பிடு, வந்துடுறேன்."

"கொஞ்ச நேரந்தான்" என்றான் செவ்வாய். ஊதாங்குழலைக் கீழே வைத்தான்.

அடுப்பு அணைந்தது. சூரியன் காற்றை வாரிக்கொண்டு போனான். ஆற்றில் பாதி அந்தக் காற்றோடு போயிற்று. மீதி, சொன்னபடியே மண்ணுக்குள் இறங்கி உறைந்தது. ஊதும் சத்தம் நின்றதைக் கேட்டுப் பூமி தம்பியைக் கூப்பிட்டாள். பலமுறை கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. பாவம், அவனுக்கு அத்தனை அலுப்பு.

இன்றைக்கும் வெள்ளி மேகத்துக்குள் வெந்துகொண்டிருக்கிறாள். செவ்வாயில் ஆற்றுத் தடங்கள் வறண்டு கிடக்க, அடியில் பனிக்கட்டி ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறது. பூமிக்கும் அலுப்புதான். ஆனாலும் கண்ணை மூடப் பயந்து அவள் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள்.