மிதவையின் கடைசி வரி

சிங்காரவேலருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய குரு நஸீமாவுக்கு முப்பத்தொன்று. ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நஸீமாவை வாய் நிறைய டீச்சர் என்றே கூப்பிடுவார்.

கணினி கண் திறந்ததிலிருந்து கண் மூடும்வரை அதை ஆட்டிவைப்பது கெர்னல் என்கிற உள்நிரல். கடலில் மிதந்தபடி அலையின் உயரத்தைக் கரைக்குச் சொல்லும் ஒரு மிதவையின் கெர்னலை இவர்கள் இருவரும் கவனித்துக்கொண்டார்கள். அது சொல்வதை நம்பித்தான் படகுகள் கிளம்பும்.

அந்த மிதவை மூன்று முறை செத்துப்போனது. ஒவ்வொரு முறையும் அது கடைசியாக அனுப்பியது ஒரே வரிதான். 'மீதி நினைவகம்:' என்று இருக்கும், அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது.

ஐப்பசி பிறக்கப் பத்து நாள்தான் பாக்கி. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் மிதவையைக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். அப்புறம் மழைக்காலம் முழுக்கப் படகுக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த வரியில் எண்ணை எழுதும் நிரல் சிங்காரவேலர் செய்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் நம் ஊர் வழக்கப்படி ஆயிரத்துக்கு ஒரு கமா, லட்சத்துக்கு ஒரு கமா போட்டு லட்சணமாகக் கோத்துத் தரும். எழுதுவதற்கென்று கெர்னலிலேயே ஒரு பழைய கட்டளை உண்டு. அது கமா போடாது. அதனாலேயே அவருக்கு அதைக் கண்டால் ஆகாது.

"டீச்சர், என் ப்ரோக்ராம்ல தப்பே இல்ல. நூறு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். அப்புறம் ஏன் கடைசி வரி பாதியில நிக்குது?"

நஸீமா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் விளிம்புவரை பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

"இந்தத் தாள்ல இடம் இல்லைன்னு, இந்தத் தாள்லயே எழுதுங்க சார்."

சிங்காரவேலர் பேனாவைத் திறந்தார். ஓரத்தைப் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"எங்க எழுதறது? இடந்தான்..."

வாய் அப்படியே நின்றது.

கமா போட்டுக் கோப்பதற்கு அவருடைய நிரலுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அதை நினைவகத்திடம்தான் கேட்கும். நினைவகம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கே நினைவகம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, நடுக்கடலில், மூன்று முறையும்.

"பதினோரு வருஷம் டீச்சர். நான் எழுதினதுலயே அழகானது இதுதான்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா சைபருக்கு எதுக்கு சார் கமா?"

அவர் தன் கையாலேயே இருநூற்றுப் பன்னிரண்டு வரியையும் அழித்தார். அந்த இடத்தில் பழைய கட்டளையை ஒரே ஒரு வரியாக வைத்தார்.

மிதவையில் இருப்பது போன்ற இன்னொரு கணினி மேசைமேல் இருந்தது. கடலிலிருந்து வந்த பழைய அளவுகளை அதற்குள் ஓடவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அதுவும் செத்துக் கிடந்தது. ஆனால் திரையில் வரி முழுசாக இருந்தது.

'மீதி நினைவகம்: 0. கடைசியாகக் கேட்டது: அலைமானி.'

அலையை அளக்கும் பகுதிதான் வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடலாம். மிதவை கடலிலேயே இருக்கும். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

சிங்காரவேலர் தட்டவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். கை ரோமமெல்லாம் சிலிர்த்திருந்தது.

"டீச்சர்," என்றார், குரலே எழும்பாமல். "ஒரு பொட்டு இடம் பாக்கி இல்ல. மொத்தமும் தீந்துபோச்சு. அப்புறம் எங்க வெச்சு எழுதுச்சு இது?"

"மெஷின் கண்ணு முழிச்சதும் பண்ற முதல் வேலையே, கடைசி வார்த்தைக்கு இடம் எடுத்து வெக்கிறதுதான் சார்."