ஒன்றுமே படிக்காத கீரி

மருதங்காட்டுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முதல் பெஞ்சில் ஓர் அணிலும் ஒரு கீரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அணிலின் பெயர் செவந்தி. கீரியின் பெயர் அல்லியரசி. எந்தப் பரீட்சை வைத்தாலும் செவந்தி முதலாவது, அல்லியரசி இரண்டாவது. ஒரு மார்க்கோ இரண்டு மார்க்கோதான் வித்தியாசம். அந்த ஒரு மார்க்குக்கே கீரிக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த வருஷம் விஷயம் இன்னும் பெரிது. ஆற்றுக்கு அக்கரையில், மலைமேல் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. பொதுத்தேர்வில் முதலாவதாக வரும் ஒரே ஒருவருக்குத்தான் அங்கே இடம். அல்லியரசியின் வளையில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் புகுந்துவிடும். மலைப்பள்ளிக்குப் போனால் பெரிய படிப்பும் படிக்கலாம், அங்கேயே தங்கிக் காய்ந்த இடத்தில் தூங்கவும் செய்யலாம். நியாயமான ஆசைதான். அதில் யார் குற்றம் சொல்ல முடியும்? புத்திதான் கோணலாகப் போய்விட்டது.

தினமும் காலையில் செவந்தி கேட்கும்: "மூணாம் பாடம் படிச்சிட்டியாடி?"

"ஐயோ, நான் ஒன்னுமே படிக்கலடி! புத்தகத்தையே தொடல!" என்று கீரி கன்னத்தில் கை வைத்துக்கொள்ளும்.

அத்தனையும் பொய்! பாம்பு காலி செய்துவிட்டுப் போன ஒரு புற்று கீரிக்குத் தெரியும். பள்ளி விட்டதும் நேரே அதற்குள் போய் உட்கார்ந்து, மூணாம் பாடமென்ன, முப்பதாம் பாடம் வரை தலைகீழாக ஒப்பிக்கும். 'நான் படிக்கவில்லை என்று நம்பினால் இவளும் மெத்தனமாக இருப்பாள். பொதுத்தேர்வில் பார்த்துக்கொள்கிறேன்' என்பது அதன் கணக்கு.

ஆனால் செவந்தி மெத்தனமாக இருந்தால்தானே! அது பாட்டுக்குப் படித்தது. கீரிக்குப் பொறுக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது. பத்துக் கேள்விக்கும் கீரிக்கு விடை தெரியும். ஓரக்கண்ணால் பார்த்தது. செவந்தி இரண்டாவது தாள் வாங்கி எழுதிக்கொண்டிருந்தது. 'எழுது, எழுது! இது வெறும் அரையாண்டு. இதற்கு யார் மதிப்புக் கொடுக்கப் போகிறார்கள்? இதில் நான் குப்புற விழுந்தால், நீ போட்டியையே மறந்துபோவாய்' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டது. நாலே கேள்விக்கு விடை எழுதிவிட்டு, மீதித் தாளை வெள்ளையாகவே மடித்துக் கொடுத்தது.

எருமை டீச்சர் மார்க்கு வாசித்தார். "செவந்தி தொண்ணூற்று மூணு. அல்லியரசி... முப்பத்தெட்டு! என்னம்மா ஆச்சு உனக்கு?"

"நான் ஒன்னுமே படிக்கல டீச்சர்" என்றது கீரி.

அன்று சாயங்காலம் செவந்திக்குக் கொய்யாப்பழம்கூட இறங்கவில்லை. தன் நோட்டுகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு கீரியின் வளைக்கு ஓடி வந்தது. "இதெல்லாம் வெச்சுக்கோ. தினமும் நான் உனக்குச் சொல்லித் தர்றேன். பொதுத்தேர்வுல நீ எழுந்திரிச்சிடலாம்டி!"

கீரிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பாவம், நல்லவள்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே, 'பார்த்தாயா பெருமையை! எனக்கே சொல்லித்தர வந்துவிட்டாள்!' என்று பொறாமை முட்டிக்கொண்டு வந்தது. நோட்டுகளை வாங்கி மூலையில் போட்டது.

பங்குனியில் தேர்வு. ஆனால் மாசியிலேயே, காலமில்லாத காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரை உடைத்தது. காகம் தினமும் ஒரு சேதி கொண்டுவந்தது.

"பத்து நாள் தள்ளி வெச்சாச்சு!"

"இல்லை, சித்திரையிலயாம்!"

"பாதிப் பாடம்தானாம்!"

படிப்பதா, புத்தகத்தை மூடுவதா என்று தெரியாமல் பிள்ளைகள் தவித்தார்கள். கீரி மட்டும் தவிக்கவில்லை. என்று வைத்தாலும் எழுதத் தயார் என்று புற்றுக்குள் மீசையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஒருநாள் எருமை டீச்சர் முட்டியளவு சேற்றில் நின்றுகொண்டு எல்லாரையும் கூப்பிட்டார். "அக்கரையிலிருந்து கடிதம் வந்திருக்கு. பொதுத்தேர்வு ரத்து! எல்லாரும் பாஸ்!"

முயல்கள் குதித்தன. குரங்கு புத்தகத்தை வானத்தில் வீசியது.

"இருங்க, முடிக்கல. மலைப்பள்ளி இடத்துக்கு அரையாண்டு மார்க்கைத்தான் பார்ப்பாங்களாம். அதனால அந்த இடம் செவந்திக்கு!"

கீரி முண்டியடித்துக்கொண்டு முன்னால் ஓடியது. "டீச்சர்! எனக்கு எல்லாம் தெரியும்! நான் படிச்சிருக்கேன்! நிஜமா படிச்சிருக்கேன்!" என்று கத்தியது. மூணாம் பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தது. நாலாம் பாடத்தையும் தொடங்கியது.

"நீதானே ஒன்னுமே படிக்கலன்னு வருஷம் பூராச் சொன்னே?" என்றது குரங்கு. வகுப்பே கொல்லென்று சிரித்தது.

எருமை டீச்சர் சிரிக்கவில்லை. "ஒரு எழுத்துப் பிசகாம சொல்றே அல்லியரசி. ஆனா நான் அனுப்பப் போறது உன் விடைத்தாளை. அதுல பாதிக்கு மேல வெள்ளையா இருக்கேம்மா" என்றார்.

செவந்தி கீரியையே பார்த்துக்கொண்டிருந்தது. அணிலின் வால் துவண்டு போயிருந்தது.

"அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் தாளை வெள்ளையா விட்டியா? என்னை ஏமாத்தவா? மார்க்கு வந்த அன்னிக்கு ராத்திரி பூரா உனக்காக அழுதேனேடி!"



மறுநாள் எருமை டீச்சர் அக்கரைக்குப் போக வெள்ளத்தில் இறங்கினார். செவந்தி அவர் முதுகில் ஏறிக்கொண்டது. கரையில் நனைந்தபடி நின்ற கீரி, அந்த நோட்டுக் கட்டை நீட்டியது. செவந்தி வாங்கவில்லை.

"நீயே வெச்சுக்கோ. அடுத்த வருஷமும் பரீட்சை வெச்சு ஒருத்தருக்கு இடம் கொடுப்பாங்க. அப்போ தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரியே எழுது" என்று சொல்லிவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டது.

அடுத்தவரை ஏமாற்றுவதற்காக மறைத்து வைத்த திறமை, நமக்கு வேண்டிய நாளில் நமக்கே உதவாமல் போகும்.