மஞ்சளாகப் பூக்காத வேங்கை

வெண்கரை ராஜா கார்மேக பூபதிக்கு எல்லாம் தெரியும். தெரியாததையும் தெரியும் என்பார், அதுதான் வம்பு.

மகள் செங்கமலம் பிறந்த அன்று அரண்மனைத் தோட்டத்தில் அவரே குழி தோண்டி ஒரு கன்றை நட்டு, "இது வேங்கை" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். மரம் வளர்ந்தது. ராஜாவுக்கு மத்தியானத் தூக்கம் அதன் நிழலில்தான். அது புங்கமரம் என்பது தோட்டத்துக் காக்காய்க்குக்கூடத் தெரியும். ஆனால் யார் வாய் திறப்பது? எல்லோருக்கும் இருப்பது ஒரே தலை!

செங்கமலத்தைப் பெண் பார்க்க மலைநாட்டு இளவரசன் குன்றவேள் வந்தான். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. தாம்பூலம் மாற்றும் நேரம். ராஜா மீசையை நீவிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, உங்கள் மலையில் வேங்கை பூத்தால்தானே கல்யாணம் பேசுவீர்கள்? இதோ பாரும், என் வேங்கை!"

பையன் வெள்ளந்தி. அண்ணாந்து பார்த்தான். "மாமா, இது புங்கு ஆச்சே?" என்று சொல்லித் தொலைத்தான்.

போச்சு! ராஜாவுக்கு முகம் சிவந்தது. "அப்படியா சேதி? இந்த மரம் வேங்கை மாதிரி பொன்மஞ்சளாகப் பூக்கிற அன்றைக்குத்தான் கல்யாணம். அதுவரை ஊர் போய்ச் சேரும்!"

புங்கு எந்தக் காலத்தில் மஞ்சளாகப் பூத்தது? செங்கமலம் அழுது அழுது கண் வீங்கி, அரசவை விகடகவி அம்பலவாணனிடம் போய் நின்றாள்.

"எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது. நீங்கள்தான் ஏதாவது செய்யணும்."

"அழாதே தாயீ. அந்த மரத்தின் மேலேயே ஒரு வழக்குப் போட்டுவிடுகிறேன்" என்றான் அவன்.

மறுநாள் சபையில் அம்பலவாணன் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "மகாராஜா! ராஜத் துரோகம்!"

"யாரடா அவன்?"

"தோட்டத்து மரம்!"

சபையே எழுந்து தோட்டத்துக்கு ஓடியது. அம்பலவாணன் மரத்தின் முன் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"ஏ மரமே! மகாராஜா உன்னை வேங்கை என்றாரா இல்லையா? வேங்கைப் பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி பிசின் வடியுமே, உனக்கு எங்கே?" கத்தியால் கீறினான். ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. "பார்த்தீர்களா திமிரை!"

ஒரு இலையைப் பறித்தான். "வேங்கை இலை நுனியில் சின்னதாய்க் குழி விழுந்திருக்கும். உன்னது ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரை முறைக்கிறாய்?"

கீழே கிடந்த காயைத் தூக்கிக் காட்டினான். "வேங்கைக் காய் அப்பளம் மாதிரி வட்டமாக, சுற்றிலும் சிறகு கட்டியிருக்கும். நீ தடித்தனமாய்த் தட்டைக் காய் காய்க்கிறாய். உள்ளே ஒற்றைக் கொட்டை! பூவாவது மஞ்சளா? வெளுத்துப்போன ஊதா! நட்ட நாளிலிருந்து ராஜா வாக்கை ஒரு தரம்கூட மதித்ததில்லை. மகாராஜா, துரோகிக்கு என்ன தண்டனை? சாய்த்துவிட வேண்டியதுதான். தோட்டக்காரா, ஓங்கு கோடாலியை!"

ராஜா பதறிப்போய்ப் பாய்ந்து மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"நிறுத்துடா! என் கையால் தண்ணி ஊற்றி வளர்த்தது. பாவம், அது என்னடா செய்யும்? புங்கு புங்கு மாதிரிதானே பூக்கும்!"

தோட்டக்காரன் கோடாலியைக் கீழே இறக்கினான்.

அம்பலவாணன் பவ்யமாகக் குனிந்தான். "மாப்பிள்ளையும் அதைத்தான் சொன்னார், மகாராஜா."

ராஜா மரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார். "அடப்பாவி, என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாயே!"

அன்றே மலைநாட்டுக்குக் குதிரை பறந்தது. அந்தப் புங்க நிழலிலேயே கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார்.

"அத்தனையும் அசல் முத்து, தெரியுமா?"

"மகாராஜா சொன்னால் சரிதான்" என்ற அம்பலவாணன், ஒரு முத்தை மெல்லக் கடித்துப் பார்த்துக்கொண்டான்.