துப்பாக்கியின் பதினோரு வருட அனுபவம்

ஆயுதப்படை மைதானம் ஒன்றில் ஒரு துப்பாக்கி இருந்தது. குறி தவறுவதில் அதற்கு இணை கிடையாது. அது சுடப்போகிறது என்று விசில் ஊதினால், காவலர்கள் எல்லாரும் ஓடிப்போய் இலக்குப் பலகையின் முன்னால் நின்றுகொள்வார்கள். மைதானத்திலேயே பத்திரமான இடம் அதுதான். அங்கே சுற்றித் திரிந்த நாய்கூடப் பலகையின் அடியில்தான் குட்டி போட்டிருந்தது.

துப்பாக்கியை யாரும் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. பதினோரு ஆயுத பூஜைக்கும் அதைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரி படைத்தார்கள். குழலின் வாயிலும் ஒரு பொட்டு வைத்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கும்பிடுகிற சாமியின் வாய்க்குள் யார் விரலை விடுவார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை அது சுட்ட குண்டு இடப்பக்கம் விலகிப் போய், சமையல்கூடத்துச் சாம்பார் அண்டாவைத் துளைத்தது. இன்ஸ்பெக்டர் தனபாக்கியத்துக்கு அன்று பட்டினி. அந்த அம்மாள் துப்பாக்கிக்கு நேர் எதிரிலேயே வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை சுடு. பலகையில படலைன்னா உருக்கி, சாக்கடை மூடி செஞ்சிருவேன்."

ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஏட்டு சங்கிலிபூதத்தான் அண்டாவுக்குள் கைவிட்டுக் குண்டை எடுத்து விசாரித்தார்.

"நீ ஏம்ல அங்கன போன?"

"நான் நேராத்தான் கெளம்புனேன், ஏட்டையா," என்றது குண்டு. "குழலுக்குள்ள வரிவரியா பள்ளம் வெட்டியிருக்கும். அதுல சுத்திக்கிட்டே போனா நேரா போயிருவேன். பள்ளத்தையே காணும். வெடிமருந்துக் கரியும், எங்க ஆளுங்க மேலருந்து உரிஞ்ச செம்பும் குடியிருக்கு. ஆளாளுக்கு ஒரு வழி சொல்லுதாங்க."

ஏட்டு கம்பியையும் எண்ணெயையும் பழைய வேட்டித் துணியையும் எடுத்து வந்தார். அவற்றைக் கண்டதும் குழலுக்குள் இருந்த கரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்களை அழுக்குன்னு சொன்னா மரியாதை கெட்டுரும். நாங்க இவரோட அனுபவம். பதினோரு வருசம் சுட்டதுக்கு நாங்கதான் சாட்சி."

"எங்களை எடுத்துட்டா இவரு நேத்து வேலைக்குச் சேந்த ஆளு மாதிரி ஆயிருவாரு," என்றது செம்பு.

துப்பாக்கிக்கு அது நியாயமாகவே பட்டது. "ஏட்டையா, மூடியாப் போனாலும் அனுபவமுள்ள மூடியாப் போறேன். தொடாதீங்க."

"ரோட்டுல கெடந்து லாரி ஏறும்போது அந்த அனுபவத்தை யாருகிட்டல சொல்லுவ?" என்றார் ஏட்டு.

துப்பாக்கி அழுதது. கண்ணீரும் இடப்பக்கமாகத்தான் போனது.

ஏட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, பின்பக்கமாகக் கம்பியைச் செருகினார். முதல் துணி கன்னங்கரேலென்று வந்தது. துணிதான் அழுக்கு என்று துப்பாக்கி சாதித்தது. ஐந்தாவது துணி பச்சையாக வந்தது. வழக்குப் போடாமல் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செம்பு வெளியேறியது. பதினேழாவது துணியில் எந்த வருடத்துச் சந்தனமோ ஒரு கட்டி விழுந்தது. இருபத்திரண்டாவது துணி, போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. ஏட்டு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பள்ளங்கள் மினுங்கின.

துப்பாக்கியும் உள்ளே பார்த்தது. குடித்தனம் காலி செய்த வீடு போல இருந்தது. அதற்குத் துக்கம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசில் ஊதியதும் காவலர்கள் வழக்கம்போல் பலகையின் முன்னால் ஓடினார்கள். ஏட்டு அவர்களைத் திட்டி விரட்டிவிட்டு, நாயையும் குட்டிகளையும் தானே தூக்கி வந்து ஓரமாக விட்டார்.

துப்பாக்கி சுட்டது. பலகையின் நட்ட நடுவில் ஓட்டை விழுந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பலகை, "ஐயோ" என்றது.

இன்ஸ்பெக்டர் நடந்துபோய் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அவரால் நம்ப முடியவில்லை. திரும்பி வந்து துப்பாக்கியிடம் கேட்டார்.

"பிரமாதம். உனக்கு எத்தனை வருச அனுபவம்?"

துப்பாக்கி தன் குழலுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தது.

"ஒரு குண்டும்மா," என்றது.